பாதிக்குப் பாதி

ஜனவரி 4

இன்னும் வராத ஒரு நோயை ஒருவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. வந்த நோயைச் சொல்ல வழக்கமான வார்த்தைகள் இருக்கின்றன. இரண்டு வருடங்களுக்கு முன் என் இடது மார்பில் கட்டி வந்தபோது என்னிடம் அவற்றைச் சொன்னார்கள். வராததற்கு அப்படி எதையும் யாரும் தயார் செய்து வைக்கவில்லை.

இன்று மரபணுப் பரிசோதனையின் முடிவைத் தந்தார்கள். மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு ஆலோசகர் இருக்கிறார். என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயது. பி.ஆர்.சி.ஏ. இரண்டு என்று ஒரு மரபணு, எனக்கு அதில் பிழை. மார்பில் வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கவேண்டும் என்றார்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா மேடம்?"

"ரெண்டு அண்ணன்."

"அப்ப அவங்களுக்குச் சொல்லணும். ஆம்பளைங்களுக்கு இது புராஸ்டேட்லதான் அதிகமா காட்டும். மத்தவங்களுக்கு வர்றதைவிடச் சின்ன வயசுல வரும், வந்தா வேகமாப் பரவும். ஆனா இருக்குன்னு தெரிஞ்சுட்டா வருஷா வருஷம் ஒரு ரத்த டெஸ்ட் பண்ணி ஆரம்பத்துலயே பிடிச்சிடலாம்."

அவர் சொன்ன விழுக்காடுகள் எந்த நாட்டு மக்களிடம் எடுத்தவை என்று கேட்டேன். பெரும்பாலும் வெளிநாட்டில் என்றார். நம்மூரில்? "கம்மிதான் மேடம்" என்று ஒப்புக்கொண்டார். இருபத்து மூன்று வருடமாகப் புள்ளியியல் கற்பிப்பவளிடம் மழுப்பாமல் பதில் சொன்னதால் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இந்தப் பிழை அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கும். அம்மா எண்பது வயதுவரை காய்ச்சல்கூட இல்லாமல் இருந்தவர். அப்பா அறுபத்தொன்றில் எலும்புப் புற்றால் இறந்தார் என்று சொன்னேன். "எலும்புலயேதான் ஆரம்பிச்சுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கிளம்பும்போது, சினைப்பைகளிலும் புற்று வரக்கூடும் என்பதால் அவற்றை எடுத்துவிடுவது பற்றியும் பேசினார். ஐம்பதை நெருங்கும்போது இனியும் தள்ளிப்போடக் கூடாதாம். செமஸ்டர் முடியட்டும் என்றேன்.

ஜனவரி 7

விடைத்தாள் கட்டு வந்துவிட்டது. குமரகுருவிடம் முடிவைச் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டயா?" என்றார். அண்ணன்மார்களைப் பற்றித்தான் இப்போது யோசிக்கவேண்டும் என்றேன். என் கணவரிடம் உள்ள நல்ல குணம், ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கமாட்டார்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினோம். சென்னிமலைக்குப் பக்கம். அப்பா கட்டிய வீட்டில் இப்போது பெரியண்ணன் சென்னியப்பன் மட்டும் இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. அவர் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. அடுத்த வீட்டில் சின்னண்ணன் சிவமலை. அவருக்கு ஐம்பத்து மூன்று. போர்வை நெய்யும் தறிக்குடோன் வைத்திருக்கிறார்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோலத்தான் எனக்குச் சொல்ல வருகிறது. எனக்கு ஒரு மரபணுப் பிழை, அது பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்தது, உங்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இருந்தால் புராஸ்டேட்டில் புற்று வரக்கூடும், முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

புராஸ்டேட் என்றதும் பெரியண்ணன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். சற்று முன்புதான் காட்டியிருந்தார்கள்.

"பாதிக்குப் பாதின்னா, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு" என்றார் சின்னண்ணன்.

"அப்படி இல்லைங்கண்ணா. ரெண்டு பேருக்குமே இருக்கலாம், ரெண்டு பேருக்குமே இல்லாமலும் போகலாம். நீங்க ஒரு காசு சுண்டறீங்க, பெரியண்ணன் தனியா ஒரு காசு சுண்டறாரு. அவருக்குத் தலை விழுந்துச்சுங்கறதுக்காக உங்களுக்குப் பூ விழணும்னு இல்ல."

"அப்பன் சொத்துக்கு எதுக்கம்மிணி காசு சுண்டறது? பாதிக்குப் பாதின்னா எனக்குத் தெரியாதா? தென்னந்தோப்பு அண்ணனுக்கு, மேட்டுக்காடு எனக்கு. கல்லு நட்டு வேலி போட்டாச்சு." பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஆனா ஒண்ணு. காட்டுல பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனவ, இதுல மட்டும் எங்களுக்கு முந்திப் பங்கு வாங்கிட்டயே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். நன்றாகச் சொல்லியிருந்தார்.

வளர்மதி நங்கை மட்டும் சிரிக்கவில்லை. சின்னண்ணன் மனைவி, நிவேதாவின் அம்மா; அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏனம்மிணி, நிவேதாவுக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குதுங்க. நல்ல எடம். ஜாதகமும் சேந்திருச்சு. இந்த நேரத்துல உங்கண்ணனுக்குப் புத்துநோய் இருக்குதான்னு டெஸ்ட் எடுத்தமுன்னு வெளிய தெரிஞ்சா என்னாகுமுங்க?"

"யாருக்கும் தெரிய வேண்டியதில்லைங்க."

"தெரியாம இருக்குமுங்களா? அதுவுமில்லாம, நீங்க கட்டிக் குடுத்து வேற கூட்டத்துக்குப் போனவங்க. உங்களுக்கு வந்தது எங்கூட்டு ஆம்பளைக்கு எப்புடிங்க வரும்?"

கல்யாணத்தோடு பெண்ணின் குலக்கூட்டம் மாறும், ரத்தம் மாறாது என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். வற்புறுத்துவது என் பழக்கமில்லை.

ஜனவரி 21

பெரியண்ணன் போன் செய்தார். "அந்த டெஸ்ட்டுக்கு நான் வாரேன். வெறும் வயித்துல வரோணுமா?"

ஜனவரி 25

வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை என்று சொல்லியும் அப்படியே வந்திருந்தார். ரத்தம் கொடுத்த பிறகு மருத்துவமனைக்கு எதிரில் இருந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். நான்கு இட்லி சாப்பிட்டார். காப்பி வந்ததும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பாவுக்கும் அங்கதான் அம்மிணி ஆரம்பிச்சுது."

"எங்க?"

"நீ சொன்னயே, அந்த எடத்துல. மூத்திரம் போக முடியாம ரொம்பச் சிரமப்பட்டாரு. பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள எலும்புக்குப் போயிருச்சு."

"எனக்கு எலும்புப் புத்துன்னுதானே சொன்னீங்க?"

"அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. கீழ வந்த நோயைப் பொம்பளப் புள்ளைகிட்ட எப்புடிச் சொல்றது? சிவமலை அப்ப திருப்பூர்ல இருந்தான். அவனுக்கும் தெரியாது. எனக்கும் டாக்டருக்குந்தான் தெரியும்."

என் நோய்க்குச் சிகிச்சை பார்த்த டாக்டரிடம், அறுவை சிகிச்சைக்கு முன் கேட்டவர்களிடம், ஆலோசகரிடம் என்று எத்தனை பேரிடம் "அப்பா, எலும்புப் புற்று" என்று சொல்லியிருப்பேன். அப்பா இறந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.ஃபில். முடித்திருந்தேன். இடுப்புக்குக் கீழே வந்த நோயை மகளிடம் காட்டாமல் ஒரு மனிதர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறந்துபோயிருக்கிறார். அதை மரியாதை என்று நினைத்திருக்கிறார்.

சின்னண்ணனிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "சொல்றேன், சொல்றேன்" என்றார். பிறகு, "எனக்கு யாரு பொண்ணு கேட்டு வரப்போறாங்க? என்னையப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார். மனைவி இல்லாதவரின் கசப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10

மருத்துவமனையிலிருந்து தேதி கேட்டுப் போன். உள்மதிப்பீட்டுத் தேர்வு நடக்கிறது என்றேன்.

மழையே இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் கறிவேப்பிலை கருகிவிட்டது.

பிப்ரவரி 22

பெரியண்ணனுக்கு இருக்கிறது. என்னுடைய அதே பிழை, அதே இடத்தில். புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையிலும் அளவு கொஞ்சம் கூடுதல். மற்றவர்களாக இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டிருப்பார்களாம். மரபணு இப்படி இருப்பதால் உடனே ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்கள்.

ஆலோசகர் ஒவ்வொன்றாக விளக்க, பெரியண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. புரியவில்லையோ என்று நினைத்து நான் திரும்ப ஒருமுறை சொன்னேன்.

"புரியுது அம்மிணி. எனக்கு வந்திருச்சு."

வெளியே வண்டி நிறுத்துமிடத்திலேயே தம்பிக்குப் போன் போட்டார். "டேய், எனக்குத்தாண்டா. ஆமா, எனக்கேதான். டாக்டரம்மா எழுதியே குடுத்துட்டாங்க." வீடு கட்டி முடித்தவர் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பதுபோல இருந்தது. பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"அண்ணன் பாவம்" என்றார் சின்னண்ணன். "நல்லாப் பாத்துக்க. எவ்வளவு ஆனாலும் நானிருக்கறேன்னு சொல்லு. நான் தப்பிச்சுட்டேன், அவரு மாட்டிக்கிட்டாரு."

"நீங்க தப்பிக்கலைங்கண்ணா. அவருக்கு இருக்குதுங்கறதுனால உங்களுக்கு இல்லைன்னு ஆகாது. உங்களுக்கு அதே பாதி வாய்ப்பு அப்படியே இருக்குது."

"ஏம்மிணி, ஒரே சொத்தை ரெண்டு பேருக்கும் முழுசா எழுதி வெக்க முடியுமா?"

"இதுல முடியும்."

"அது எந்த ஊருச் சட்டம்?" என்று சிரித்தார்.

ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள். முதல் வருட மாணவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு அதைத் தவறாகத்தான் எழுதுகிறது. சின்னண்ணன் பத்தாவதோடு நின்றவர். அதிலும், பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் அண்ணனோடு பங்கு போட்டே வளர்ந்தவர்.

வளர்மதி நங்கை அன்று மாலையே கோயிலில் நெய்விளக்குப் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மார்ச் 14

நிவேதாவுக்கு நிச்சயம். பெருந்துறையில் மண்டபம். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை, அடக்கமான பையன். நிவேதா என்னிடம் வந்து, "அத்தை, உங்களுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சொந்தக்காரர்களில் என் உடம்பைப் பற்றி நேராக விசாரிப்பவள் அவள் ஒருத்திதான். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

சின்னண்ணன் பந்தியில் பாதியில் எழுந்து போனார். திரும்பி வந்து உட்காரும்போது பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் மறுபடி எழுந்தார்.

"என்னங்கண்ணா?"

"மூட்டை தூக்குனதுல இடுப்புப் புடிச்சுக்கிச்சு."

சர்க்கரையாகவும் இருக்கலாம். கைகழுவும் இடத்தில் நங்கையிடம், சர்க்கரைக்குப் பார்ப்பதுபோலப் பார்த்து, அதே ரத்தத்தில் புராஸ்டேட்டுக்கும் பார்த்துவிடலாம் என்றேன். யாருக்கும் சொல்லவேண்டாம், மரபணு எதுவும் வேண்டாம், கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும்.

"கல்யாணம் முடியட்டுமுங்க அம்மிணி" என்றார்.

ஏப்ரல் 5

பெரியண்ணனுக்கு முந்தாநாள் அறுவை சிகிச்சை. ஸ்கேனில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது, சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றேதான். சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். வெளியே எங்கும் பரவவில்லை.

"சரியான நேரத்துல வந்துட்டார். இவரோட மரபணுவுக்கு இதைச் சும்மா விட்டு வெச்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். என்னிடம், "இவருக்கு ஒரு தம்பி இருக்கார்னு சொன்னீங்களே?" என்றார்.

படுக்கையிலிருந்து பெரியண்ணன் குறுக்கிட்டார். "அவனுக்கு வராதுங்க டாக்டர்."

டாக்டர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

சிறுநீர்க் குழாயோடு இருப்பதில் பெரியண்ணனுக்கு என் எதிரில் கூச்சம். போர்வையை இழுத்து இழுத்து மூடுகிறார். நர்ஸ் பையை மாற்ற வரும்போதெல்லாம், "அம்மிணி, நீ சித்தே வெளிய இரு" என்கிறார். வெளியே இருந்தேன். வெளியில் இருப்பது எனக்கும் வசதிதான்.

மதியம் சின்னண்ணன் ஒரு குலை இளநீரோடு வந்தார். லிப்ட்டில் கூட்டம் என்று படியில் ஏறி வந்திருந்தார். கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறியதை மேலிருந்து பார்த்தேன்.

"என்ன, என்னோட பங்கையும் சேத்து அறுத்துட்டாங்களா?" என்றார்.

பெரியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வெக்காதடா, தையலு பிரிஞ்சுரும்!" இரண்டு பேரும் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. பாகம் பிரித்தபோது ஒரு கிணற்றுக்காக எட்டு மாதம் பேசாமல் இருந்தவர்கள்.

அவர் கிளம்பும்போது கூடவே போனேன். "அண்ணா, கீழ தரைத்தளத்துல லேப் இருக்குது. அஞ்சு நிமிஷம் ஆகாது."

"ஆசுபத்திரிக்குப் பாக்க வந்தவனையெல்லாம் புடிச்சு ஊசி குத்துவயா? போ கண்ணு, அண்ணனுக்கு எளநீ வெட்டிக் குடு."

லேப் வாசலைத் தாண்டித்தான் இருவரும் நடந்தோம். என்னால் அவர் கையைப் பிடித்து இழுத்திருக்க முடியும். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

அதே தளத்தில் ஆலோசகரைப் பார்த்தேன். அண்ணனைக் கூட்டி வந்ததற்குப் பாராட்டினார். "உங்க தேதி, மேடம்?" என்றார். பெரியண்ணனைக் கவனிக்க வேறு ஆள் இல்லை என்றேன். அது உண்மை.

ஏப்ரல் 19

பெரியண்ணன் எங்கள் வீட்டில் இருக்கிறார். குழாயை எடுத்துவிட்டார்கள். சமையலறையில் எனக்கு வெங்காயம் உரித்துத் தருகிறார். குமரகுருவும் அவரும் தொலைக்காட்சியில் கபடி பார்க்கிறார்கள்.

மே 11

விடைத்தாள் திருத்தும் முகாம். நாள் முழுக்க வெயில், மின்விசிறி ஓடவில்லை.

நிவேதா போன் செய்தாள். "அத்தை, அப்பா ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரு. இடுப்புக்கு யாரோ வைத்தியர்கிட்டப் பத்துப் போட்டுட்டு வந்திருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" சொல்லியிருக்கிறேன் என்றேன். எதற்காகச் சொன்னேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. கல்யாணப் பெண்.

மே 30

ஊருக்குப் போனேன். சின்னண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்காரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். இளைத்திருக்கிறார். கல்யாண அலைச்சல் என்கிறார்கள்.

இம்முறை பெரியண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன். அப்பாவுக்கு எங்கே ஆரம்பித்தது என்பதைச் சொல்லச் சொன்னேன். அவர் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் நானே சொன்னேன்.

சின்னண்ணன் அண்ணனைப் பார்த்தார். "நெசமாவா?"

"ஆமாடா."

"சரி. அது அப்பாவுக்கு. அப்பறம் உனக்கு. உன்னோட போச்சில்ல?"

வளர்மதி நங்கை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "காலையிலதானுங்க முகூர்த்தக்கால் போட்டோம். இனிக் கல்யாணம் முடியற வரைக்கும் ஆசுபத்திரி வாசப்படி மிதிக்கக் கூடாதுங்க. பொண்ணைப் பெத்தவரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புள்ளைகிட்ட யாருங்க பதில் சொல்றது?"

இன்னும் ஆறே நாட்கள் என்பதால் விட்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் மருத்துவமனையிலிருந்து போன். கல்யாணம் முடியட்டும் என்றேன்.

ஜூன் 5

கல்யாணம் முடிந்தது.

தாரை வார்க்க மணையில் உட்கார்ந்த சின்னண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். இன்னொரு கையையும் ஊன்றினார். பாரம் தூக்க வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்திருந்த பெரியண்ணன்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்களில் பலர், மகளை அனுப்புகிற துக்கம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிவேதா மாலையோடு திரும்பி, அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

ஜூன் 12

மறுவீட்டு விருந்து முடிந்து மணமக்கள் பெங்களூர் போன அன்றே சின்னண்ணனைக் கோயம்புத்தூருக்கு அழைத்துவந்தோம். அவர் மறுக்காமல் வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், பிறகு ஸ்கேன், பிறகு உடம்பு முழுவதற்கும் எலும்பு ஸ்கேன், சதைப் பரிசோதனை. மரபணுவுக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறோம்.

ரத்தப் பரிசோதனையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தசமப் புள்ளி இடம் மாறிவிட்டதா என்று லேபில் கேட்டேன். இல்லை, இரண்டு முறை பார்த்துவிட்டோம் என்றார்கள். வகுப்பில் இப்படி ஒரு எண் வந்தால் தரவுப் பிழை என்று ஒதுக்கச் சொல்லித் தருவேன்.

நாளைக் காலை டாக்டரைப் பார்க்கவேண்டும். எல்லாரும் எங்கள் வீட்டில்தான். சின்னண்ணன் மாத்திரை போட்டுத் தூங்குகிறார். மாலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பெரியண்ணன் கூட வந்து நின்றார்.

"அம்மிணி, ஒருவேளை அவனுக்கும் இருக்குமோ?"

"இருக்குதுங்கண்ணா. பெரும்பாலும்."

"அதெப்புடி? நான் மலைக்கே போய்க் கேட்டனே."

"என்னன்னு?"

"பொங்கலுக்கு நீ வந்து சொன்னதும் மலையேறிப் போனேன். அவனுக்குப் பொண்டாட்டி இருக்குது, புள்ள இருக்குது. நான் ஒண்டிக்கட்டை. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குன்னா அது எனக்கே வரட்டும், அவனை விட்டுருன்னு முருகங்கிட்டக் கேட்டேன். எனக்குன்னு டாக்டரம்மா சொன்னதும், சாமி கேட்டுருச்சுன்னுதான் நெனச்சேன்."

அதற்காகத்தான் அவர் பரிசோதனைக்கு வந்திருக்கிறார். அதற்காகத்தான் அன்று சிரித்தார். அப்பாவின் நோயைத் தம்பியிடம் சொல்லாமல் இருந்ததும் அதற்காகத்தான். தீர்ந்துபோன விஷயத்தை எதற்குச் சொல்வது? என் காசு உதாரணத்தை வீட்டில் ஒருவராவது ஏற்றுக்கொண்டார் என்று நான் நினைத்திருந்தேன். ஒருவரும் இல்லை.

"உங்களுக்கு வந்ததுக்கும் அவருக்கு வந்ததுக்கும் சம்பந்தமில்லைங்கண்ணா" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, அதைவிடக் கொடுமையான ஒன்றை அவரிடம் சொல்லியிருக்க முடியாது என்று தெரிந்தது.

நாளை நடக்கப்போவதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. டாக்டர் படத்தைக் காட்டுவார். சின்னண்ணன் ஏதாவது வேடிக்கை பேசுவார். நங்கை அழுவார். நான் எல்லாருக்கும் இன்னொரு முறை விளக்குவேன்.

ஜூன் 13

அப்படி நடக்கவில்லை.

டாக்டர் படத்தைக் காட்டவே இல்லை. நாற்காலியைச் சின்னண்ணனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். புராஸ்டேட்டில் ஆரம்பித்து இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது, இனி வெட்டி எடுப்பதில் பயனில்லை, ஊசியும் மாத்திரையும் கொடுத்துக் கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்கலாம் என்றார்.

"கொஞ்ச காலம்னா எத்தனைங்க?" என்றார் சின்னண்ணன்.

"ரெண்டு மூணு வருஷம் நல்லா இருக்கறவங்க இருக்காங்க. முன்னப்பின்ன ஆகலாம்."

"பொங்கலுக்கு வந்திருந்தா?"

டாக்டர் சற்று யோசித்தார். "அப்பவே பரவியிருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம். இப்ப என்னால சொல்ல முடியாது."

சின்னண்ணன் தலையாட்டினார். வேடிக்கை எதுவும் பேசவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "மத்தியானத்துக்குள்ள கெளம்பிரலாமா? தறி ஆளுக காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார். பெரியண்ணனின் கை தம்பியின் முழங்கால்மேல் இருந்தது. எடுக்கச் சொன்னாலும் எடுத்திருக்கமாட்டார்.

முதல் ஊசி இன்றே போடலாம் என்றார்கள். வெளியே காத்திருந்தோம். வளர்மதி நங்கை அழவில்லை. என் எதிரில் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, உங்களுக்கு எல்லாம் தெரியுமில்லைங்க?"

"வாய்ப்பு இருக்குதுன்னுதான் தெரியும்."

"நீங்க சொன்னீங்க, நான் இல்லைங்கல. பொங்கலுக்குச் சொன்னீங்க, நிச்சயத்துல சொன்னீங்க. ரேடியோல சேதி வாசிக்கறாப்பல சொன்னீங்க. நான் ஒரு கூறுகெட்டவ, கல்யாணம் கல்யாணம்னு இருந்துட்டேன். நீங்க படிச்சவங்க. கூடப் பொறந்தவங்க. ஒரு தடவை என்னைக் கன்னத்துல அறைஞ்சாவது இழுத்துட்டுப் போயிருக்கக் கூடாதுங்களா?"

எண்களைத் திரித்துச் சொல்லக் கூடாது, தெரிந்ததற்கு மேல் உறுதி காட்டக் கூடாது என்பது என் தொழிலில் ஒழுக்கம்.

அப்போது அவருடைய போன் அடித்தது. நிவேதா. நங்கை அதை எடுக்கவில்லை. அடிக்கிற போனை என் கையில் வைத்தார்.

"அத்தை, அம்மா ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். அப்பாவுக்கு என்ன வந்திருக்கிறது, தாத்தா எதில் செத்தார், பெரியப்பா எப்படிப் பிழைத்தார், என் மார்பில் எதனால் வந்தது, சினைப்பையில் ஏன் வரக்கூடும். அப்பாவின் மரபணு முடிவு வரும்வரை காத்திருக்காமல் அங்கே ஒரு டாக்டரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றேன். பாதி வாய்ப்பு என்று சொல்லவில்லை. இந்த வாரமே போ, உன் வீட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு போ, அவர்கள் வீட்டில் யார் என்ன சொன்னாலும் போ என்றேன். குரல் எப்போது உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் வாயில் விரல் வைத்துக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. வளர்மதி நங்கையும் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?"

"ஜனவரில தெரியும்."

"உங்களையும் இன்னொரு ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"பண்ணிக்கிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

உள்ளே சின்னண்ணனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரால் தானாக எழ முடியவில்லை. போனை நங்கையிடம் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் பெரியண்ணனும் இன்னொரு பக்கம் நானுமாகப் பிடித்து உள்ளே கூட்டிப் போனோம்.